இரட்டை மூக்கு

லிங்கசாமியின் மூக்கு இரண்டாகத் தெரிந்தது. ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. இன்னொன்று நிழல்போலக் காதுப் பக்கம் நகர்ந்திருந்தது. கேமராவின் துளையில் கண்ணை ஒட்டவைத்திருந்த மாப்பிள்ளை தரணீதரன், லென்ஸ் வளையத்தைத் திருகித் திருகி இரண்டு மூக்கையும் ஒன்றாக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்.

"ஆச்சுங்களா மாப்ளே?" என்றார் லிங்கசாமி, உதடு அசையாமல்.

"ரெண்டும் ஒண்ணாச் சேந்தாத்தான் ஃபோகஸுங்க மாமா. அசையாதீங்க."

காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருந்த லிங்கசாமி புது வீடு கட்டியிருந்தார். கிரகப்பிரவேசத்துக்கு ஒரு மாதம் இருந்தது. கூடத்துச் சுவரில் அவரும் மனைவி ரங்காத்தாளும் சேர்ந்திருக்கும் பெரிய படம் ஒன்றை மாட்ட வேண்டும். ஸ்டுடியோக்காரர் நாள் குறித்துக்கொண்டு போயிருந்தார். அவரை வரவேண்டாம் என்று சொன்னவர் தரணீதரன்.

அனுப்பர்பாளையத்தில் பனியன் கம்பெனி நடத்தும் தரணீதரன், ஆறு மாதமாகப் புகைப்படக் கலைஞரும்கூட. அதுவும் ஃபிலிமில், அதிலும் இரண்டாகத் தெரியும் உருவத்தை ஒன்றாக்கி எடுக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில். செல்போனில் எடுப்பது படமல்ல, ஜெராக்ஸ் என்பது அவர் கட்சி. மனைவியின் தம்பி ரித்தீஷ் போனில் எதை எடுத்துக் காட்டினாலும் "நல்ல ஜெராக்ஸ்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். ஸ்டுடியோக்காரர்களை அவர் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

காங்கேயத்திலேயே ஃபிலிம் கழுவும் லேப் வைத்திருந்த வெள்ளியங்கிரி, நான்கு நாள் கழித்துப் பிரிண்ட்டைக் கொடுத்தார். மாமனாரும் மாமியாரும் பனிமூட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

தரணீதரன் இரண்டு நாள் கம்பெனிப் பக்கம் போகாமல் இணையத்தில் கிடந்து காரணத்தைக் கண்டுபிடித்தார். அவருடைய கேமராவின் வியூஃபைண்டர், அதாவது கண் வைத்துப் பார்க்கும் துளை, காட்சியைப் பாதியளவுக்குச் சுருக்கிக் காட்டுகிறது: 0.58. அவர் போட்டிருப்பதோ துளி பிசகினாலும் மங்கிவிடும் தொண்ணூறு மில்லிமீட்டர் லென்ஸ். இத்தனை சின்ன மூக்கை வைத்து எப்படி ஃபோகஸ் செய்வது? இதை மனைவி இந்துமதிக்குச் சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் விளக்கினார். இந்துமதி ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டார்.

துளையில் திருகி மாட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று வந்து சேர்ந்தது. மூக்கு பெரிதானது. ஆனால் மூக்குக்கண்ணாடி போட்ட கண்ணுக்குப் படத்தின் எல்லையைக் காட்டும் கட்டத்தின் ஓரங்கள் தெரியாமல் போயின. இரண்டாவது பிரிண்டில் லிங்கசாமிக்கு நெற்றிக்கு மேல் ஒன்றுமில்லை. இருந்ததும் மங்கல்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு எடுத்துப் பார்த்தார். அப்போது கட்டம் தெரிந்தது; மாமனார்தான் தெரியவில்லை.

எனவே காட்சியை அவ்வளவாகச் சுருக்காத 0.85 வியூஃபைண்டர் உள்ள இன்னொரு கேமராவே வந்தது. இப்போது குற்றம் கருவியிடம் இருக்க வழியில்லை என்பதால், அது உட்கார்ந்திருப்பவர்கள் தலையில் விழுந்தது. மூச்சு விடுவதால்தான் படம் கெடுகிறது என்றார் தரணீதரன். லிங்கசாமி மாப்பிள்ளைக்காக மூச்சை அடக்கினார். மூன்றாவது படத்துக்குள் இருமல் வந்து, இருமலில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. அந்தப் பிரிண்டும் பனிமூட்டம்தான்.

"உக்காரக்கூடத் தெரியாதவங்கள வெச்சுட்டு நான் என்னதான் பண்றது" என்றார் தரணீதரன் மனைவியிடம். இந்துமதி அப்பாவின் இடுப்புக்கு ஒத்தடம் கொடுக்கப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தரணீதரன் கம்பெனியிலிருந்து இரண்டு பொருள் கொண்டுவந்தார். ஒன்று டெய்லர் டேப். அதன் ஒரு முனையை மாமனாரின் மூக்கில் வைத்து, மறுமுனையைக் கேமராவரை இழுத்து அளந்தார். இன்னொன்று ஜட்டிக்குத் தைக்கும் எலாஸ்டிக், ஒரு சுருள். அதைக்கொண்டு லிங்கசாமியை நாற்காலியோடு மூன்று சுற்றுச் சுற்றி, மேலே அங்கவஸ்திரத்தைப் போட்டு மறைத்தார். ஐந்நூறு பேருக்கு வேலை கொடுத்த மனிதர், சொந்த வீட்டுக் கூடத்தில் கட்டுண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ரங்காத்தாள் புதுப் பட்டுப்புடவையில், முகம் கோணாமல் ஒத்துழைத்தார். இரண்டு மூக்கும் ஒன்றின்மேல் ஒன்று கச்சிதமாகப் பொருந்தின. தரணீதரனுக்கே கண் கலங்கிவிட்டது.

நாலு நாளில் பிரிண்ட் வந்தது. பனிமூட்டம்.

கிரகப்பிரவேசத்துக்கு இன்னும் மூன்று நாள். சுவரில் ஆணி மட்டும் காத்திருந்தது. எலாஸ்டிக்கை அவிழ்த்த பிறகு அப்பாவும் அம்மாவும் சிரித்தபோது ரித்தீஷ் போனில் ஒரு படம் எடுத்திருந்தான். அதில் லிங்கசாமியின் மீசை முடியை ஒவ்வொன்றாக எண்ணலாம். அதைக் காட்டிவிட்டு ரித்தீஷ் பணிவாகக் கேட்டான்: "மச்சான், ஜெராக்ஸ் வேணுங்களா?"

தரணீதரன் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தெரிந்தவர் யாரும் பார்க்காத வேளையாகப் பார்த்து லேப்புக்குள் நுழைந்தார். இரண்டு கேமராவையும் விற்றுவிடப் போவதாகவும், தனக்கு ஃபோகஸ் பார்க்கும் கண்ணே கிடையாது என்றும், போனில் எடுத்த இந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டால் போதும் என்றும் தாழ்ந்த குரலில் சொன்னார்.

வெள்ளியங்கிரி படத்தைத் திரையில் திறந்து பார்த்தார். பிறகு குரலைத் தணித்துக் கேட்டார்:

"எப்பவும் போல இதையும் மங்கலாக்கித்தான் போடோணுங்களா? மொத ரோல்ல இருந்தே உங்க படமெல்லாம் பளிச்சுன்னுதானுங்க விழுந்துச்சு; மொகத்துல ஒரு சுருக்கம் தெரிஞ்சாலும் செவுத்துல ஏத்தக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனது உங்க மாமியாருங்க."