விளக்கு அணைந்தால் நடக்கிறேன்

"இன்றைக்கு ஒன்று அந்த விளக்கு அணையணும். இல்லை, நான் அணையணும்!"

ஞாயிற்றுக்கிழமை காலை இப்படிச் சபதம் போட்டுவிட்டு அனஸ்தாசியோ வண்டிக்கு அடியில் நுழைந்தார். மதியம் வெளியே வந்தபோது இரண்டுமே அணைந்திருக்கவில்லை. ஆனால் அவர் மங்கிப் போயிருந்தார்.

ஸ்டியரிங்குக்கு முன்னால் எரியும் மஞ்சள் விளக்கு அது. வண்டி வழுக்காமல் பிடித்துக்கொள்ளும் கருவி கெட்டுவிட்டது என்று அர்த்தம். அனஸ்தாசியோ ஓட்டும் வேகத்துக்கு வண்டி வழுக்க வேண்டுமென்றால் யாராவது சோப்பு போட்டால்தான் உண்டு. ஆனாலும் மூன்று வாரமாக ஒரு விளக்கு மனுஷனை முறைத்துக்கொண்டே இருந்தால் எவனுக்குத்தான் பொறுக்கும்?

"நீ ரேடியோவை நோண்டறேன்னு பாட்டரியைக் கழட்டி மாட்டினியே, அதுலேருந்துதானே எரியுது?" என்றாள் மனைவி எர்மெலிந்தா.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. உனக்குத் தெரியாது, சும்மா இரு."

தெரிந்தவர் பக்கத்து வீட்டு தோன் சிரியாக்கோ. எப்போதோ ஒரு லாரி வைத்திருந்தவர். அதனால் சகல வாகனங்களுக்கும் வைத்தியர். மாமரத்தடியில் குளிர்ந்த தெரெரே பானத்தை ஒரே குவளையில் மாற்றி மாற்றி உறிஞ்சியபடி, குவளைக்கு ஒரு நோய் கண்டுபிடித்தார். சக்கரத்தில் அழுக்கு என்றார். துடைத்தாயிற்று. பிரேக் சுவிட்ச் என்றார். மாற்றியாயிற்று. ஃபியூஸ் என்றார். ஃபியூஸ் வாங்கி மாட்டியதில் விளக்கு இன்னும் கொஞ்சம் பளிச்சென்று எரிவதுபோல இருந்தது.

கடைசியில் கைவிரித்துவிட்டார். "இது ஜப்பான்லேருந்து வந்த பழைய வண்டி, தாசியோ. வலது பக்கம் இருந்த ஸ்டியரிங்கைப் பிடுங்கி இடது பக்கம் நட்டிருக்கானுங்க. வண்டி இன்னும் அது வலது பக்கமே இருக்குன்னு நினைச்சுக்கிட்டிருக்கு. புத்தி பேதலிச்சுப்போச்சு. இந்த விளக்கு இந்த ஜென்மத்துல அணையாது."

அனஸ்தாசியோவுக்கு எரிச்சலில் அழுகையே வந்தது. அந்த நேரம் பார்த்துத்தான், சிரியாக்கோவும் சாப்பிட உட்கார்ந்திருந்த மேஜையில், எர்மெலிந்தா இன்னொரு பிரச்சினையை எடுத்தாள்.

காகுபே ஊர் மாதா கோயில் திருநாளுக்கு வருஷா வருஷம் அவள் நடந்தே போவாள். அனஸ்தாசியோவின் பித்தப்பையில் கல் வந்தபோது நேர்ந்துகொண்டது. நாற்பது கிலோமீட்டர், டிசம்பர் வெயில். அவர் மறுநாள் வண்டியில் போய் அழைத்துவருவார். இந்த வருஷம் அவளுக்கு முழங்கால் பூசணிக்காயாக வீங்கிக் கிடந்தது.

"இந்தத் தடவை எனக்குப் பதிலா நீ நட."

"நானா? எனக்கென்ன வேண்டுதல்?"

"கல்லு யாருக்கு வந்தது?"

"எனக்கு வந்தது. ஆனா வேண்டிக்கச் சொன்னேனா?"

மாமியார் ஞா பசிலியா மரவள்ளிக்கிழங்கை மெல்லுவதை நிறுத்தினாள். "என் பொண்ணு நொண்டிக்கிட்டே போகட்டும்னு சொல்றாரா மாப்பிள்ளை?"

மூன்று பேரும் அவரையே பார்த்தார்கள். தப்பிக்க வழியில்லாதபோதுதான் மனுஷனுக்கு மூளை வேலை செய்கிறது. அனஸ்தாசியோ எழுந்தார். சுவரில் இருந்த மாதா படத்துக்கு முன்னால் நெஞ்சில் கைவைத்து நின்றார்.

"மாதாவே! வாசல்ல நிக்கிற வண்டியில அந்த மஞ்சள் விளக்கு மட்டும் அணையட்டும். இந்த வருஷமே காகுபேக்கு நடந்து வர்றேன்!"

சொல்லிவிட்டு சிரியாக்கோவைப் பார்த்துக் கண்ணடித்தார். மாமியார் சிலுவை போட்டுக்கொண்டாள். மாதாவிடம் சொன்னது சொன்னதுதான். அந்த ஊரில் கடன்காரனை ஏமாற்றியவன் உண்டு, காகுபே மாதாவை ஏமாற்றியவன் இல்லை. எர்மெலிந்தா வாசலில் நின்ற வண்டியை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவர் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். அவர் இன்னொரு துண்டு இறைச்சி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

திருநாளுக்கு முந்தின நாள் காலை அவள் கூப்பிட்டாள். "சிப்பா ரொட்டி சுடணும், முற்றத்து அடுப்புக்கு வழி வேணும். வண்டியைத் தெருவைப் பார்த்துத் திருப்பி நிறுத்து."

முற்றத்தில் பார்த்தால் முன்னால் பூந்தொட்டிகள், பின்னால் மாமியார் நாற்காலி. மாமியார் அதில் உட்கார்ந்தும் இருந்தாள்.

"இந்த இடத்துல எப்படித் திருப்பறது? எல்லாத்தையும் நகர்த்து!"

"நல்லா ஓட்டறவங்க திருப்பிடுவாங்க."

வந்ததே ரோஷம். அவர் ஏறி வண்டியைக் கிளப்ப, எர்மெலிந்தா வெளியே நின்று வழி சொன்னாள்.

"இடது பக்கம் முழுசா ஒடி!"

"ஒடிச்சிட்டேன்!"

"இன்னும்!"

"இதுக்கு மேல ஒடிச்சா கையில வந்துடும்டி!"

"சரி, இப்ப வலது பக்கம். கடைசி வரைக்கும்!"

பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி வரைக்கும் திருப்பினார். விளக்கு அணைந்தது.

அனஸ்தாசியோ விரலால் தட்டிப் பார்த்தார். மறுபடி எரியவில்லை. சட்டென்று அந்த இடத்தை உள்ளங்கையால் மூடினார்.

"கையை எடுங்க மாப்பிள்ளை," என்றாள் ஜன்னலில் தலை நுழைத்த மாமியார்.

"அற்புதம்!" என்று வேலிக்கு அப்பால் நின்று தொப்பியைக் கழற்றினார் சிரியாக்கோ.

"அற்புதமும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றாள் எர்மெலிந்தா. "சந்தையில தக்காளி விக்கிறாளே குமிகோ, அவகிட்டயும் இதே வண்டிதான். பாட்டரியைக் கழட்டினா ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் ஒருதடவை திருப்பணுமாம். அப்பத்தான் நடு எதுன்னு வண்டிக்கு விளங்குமாம்."

"இது எப்ப சொன்னா?"

"விளக்கு எரிஞ்ச மறுநாளே."

"அடிப்பாவி! நான் மூணு வாரமா வண்டிக்கு அடியில கிடந்தேனே! அப்பவே சொல்லக்கூடாதா?"

"நீதான் சும்மா இருன்னே. இருந்தேன்."

அனஸ்தாசியோவுக்குக் காதில் புகை வந்தது. ஆனாலும் கடைசிக் கயிறு ஒன்றை எட்டிப் பிடித்தார். "நடக்க எனக்கென்ன, இப்பவே நடப்பேன். ஆனா நான் நடந்துட்டா உங்களை எல்லாம் பூசைக்கு யாரு வண்டியில கூட்டிட்டுப் போறது? வயசான அத்தை வேற. யோசிக்க வேண்டாமா?"

எர்மெலிந்தா சாவிக்காகக் கையை நீட்டினாள். "போன வாரம்தான் எனக்கு லைசென்ஸ் வந்தது. குமிகோ வண்டியில பழகினேன்."

அன்று பிற்பகல் காகுபே சாலையில் ஜனத்திரளோடு அனஸ்தாசியோ வியர்த்து வழிந்து நடந்துகொண்டிருந்தார். ஓரமாக அவருடைய வண்டி நத்தைபோல ஊர்ந்து வந்தது. பின்சீட்டில் மாமியாரும் சிரியாக்கோவும் தெரெரே குடித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியை இறக்கி எர்மெலிந்தா தலையை நீட்டினாள்.

"கொஞ்சம் எட்டிப் போடு தாசியோ, இவ்வளவு மெதுவா ஓட்டினா இன்ஜின் சூடாகுது."