ரெண்டாவது ஊசி

ஊசி போடுவதில் எனக்கு முப்பது வருட அனுபவம் உண்டு. எல்லாம் மாடுகளுக்கு. புதுச்சேரிப் பக்கம் பாகூர் கொம்யூனில் எந்த வீட்டுப் பசு பருவத்துக்கு வந்து கத்தினாலும் எனக்குத்தான் போன் வரும். போய் சினை ஊசி போட்டுவிட்டு வருவேன். கன்று பிறந்தால் சீம்பால் கொண்டுவந்து கொடுப்பார்கள். என் பெயர் ரேஷன் கார்டில்தான் இருக்கிறது. ஊருக்கு நான் ‘ஊசிக்காரர்’. அப்படிப்பட்ட ஆள் தனக்குத்தானே ஒரு ஊசியை ஒழுங்காகப் போடத் தெரியாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடிய கதை இது. ஊசியை எந்த இடத்தில் போட வேண்டும் என்று சொன்னால் நீங்கள் கொஞ்சம் இரக்கம் காட்டுவீர்கள்.

அப்போது எனக்கு ஐம்பத்தாறு வயது. சர்க்கரை வந்து பதினான்கு வருடம். சர்க்கரை எதையெல்லாம் கெடுக்கும் என்று கேட்டால் கண், சிறுநீரகம், பாதம் என்று வரிசையாகச் சொல்வார்கள். இன்னொன்றை மட்டும் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. எனக்குக் கெட்டது அந்த இன்னொன்று. ஆரம்பத்தில் மாத்திரையில் சமாளித்தேன். பாகூரில் வாங்கினால் மறுநாளே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று பஸ் பிடித்துப் புதுச்சேரி போய், முகம் தெரியாத கடையில் வாங்குவேன். (அங்கேயும் முதலில் ஒரு இருமல் மிட்டாய் வாங்கிக்கொண்டு, கடையில் கூட்டம் குறைந்த பிறகுதான் மாத்திரையைக் கேட்பேன்.) மூன்று வருடம் ஓடியது. பிறகு மாத்திரையும் கைவிட்டது. தலைவலி வந்தது, முகம் சிவந்தது, வரவேண்டியது வரவில்லை.

அதன் பிறகு நான் செய்ததுதான் கோழைத்தனம். சாப்பிட்டதும் “அசதியா இருக்கு” என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். இப்படியே ஒரு வருடம். என் மனைவி வசந்தா அங்கன்வாடி டீச்சர். சுற்றி வளைத்துப் பேச அவளுக்கு வராது. ஒருநாள் சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

“என்னப் புடிக்காமப் போச்சா உங்களுக்கு?”

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே சட்டையை நாலு தடவை மடித்துக்கொண்டிருந்தாள். மாட்டு மருந்துப் பையில் ஒளித்துவைத்திருந்த மாத்திரை அட்டையை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். திருப்பித் திருப்பிப் படித்தாள்.

“இதுக்கா ஒரு வருஷமா செவுத்தப் பாத்துப் படுத்தீங்க? சுகர் ஆளுங்களுக்கு வர்றதுதானே. டாக்டராண்ட போங்க.”

“வெக்கமா இருக்கு வசந்தா.”

“மாட்டுக்குள்ள தோள்பட்ட வரைக்கும் கைய வுடுற ஆளு நீங்க. உங்களுக்கு இன்னா வெக்கம்?”

கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்லித் தனியாகப் போனேன். அது முதல் தப்பு.

டாக்டர் என் வயதுக்காரர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, “மாத்திரை கேக்கலைன்னா அதோட முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம் இல்ல. ஊசி இருக்கு” என்றார்.

“எங்க போடணும் சார்?”

“அங்கதான்.”

நாற்காலியில் இருந்த என் இரண்டு கால்களும் தாமாகவே சேர்ந்துகொண்டன.

இன்சுலின் ஊசி மாதிரி மெல்லிய ஊசிதான். அங்கேயே சின்ன அளவு போட்டுக் காட்டினார். கொசு கடித்த அளவுக்குக்கூட வலிக்கவில்லை, வேலை செய்தது. எனக்கு அந்த இடத்திலேயே டாக்டரைக் கும்பிடத் தோன்றியது. (வேட்டியைக் கட்டிக்கொண்ட பிறகு கும்பிட்டேன்.) பக்கவாட்டில் போட வேண்டும், மேலேயும் கீழேயும் போடக் கூடாது, போட்ட இடத்தைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். பிறகு விரலை நீட்டி, “நான் சொன்ன அளவுக்கு மேல போடாதீங்க. வேலை செய்யலைன்னாலும் அதே நாள்ல ரெண்டாவது போடவே கூடாது. நாலு மணி நேரம் ஆகியும் அடங்கலைன்னா நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க” என்றார்.

“நானும் இந்த லைன்லதான் சார் இருக்கேன்” என்றேன் பெருமையாக. அது இரண்டாவது தப்பு. அவர் சொன்னதில் பாதியைத்தான் காதில் வாங்கியிருக்கிறேன்.

மருந்தை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் தயிருக்குப் பக்கத்தில் மாட்டு மருந்து இருப்பது வழக்கம் என்பதால் யாரும் என்ன ஏதென்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. மகளும் மாப்பிள்ளையும் முதல்நாளே வந்திருந்தார்கள். மாப்பிள்ளை மண்ணாடிப்பட்டுப் பக்கம் கரும்பு போடுகிறவர்; நல்லவாட்டில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்கு இரண்டு பேரும் காலையிலேயே காரில் கிளம்பினார்கள். வசந்தா மூட்டுவலி என்றாள். நான் மாட்டு வேலை இருக்கிறது என்றேன். இரண்டும் பொய்.

பத்து மணிக்குக் கதவைச் சாத்தி, சொன்ன அளவு மருந்தை ஏற்றி, சொன்ன இடத்தில் போட்டேன். அதுவரைக்கும் எல்லாம் சரி. அழுத்திப் பிடித்துக்கொண்டு இருக்கும்போதே போன் அடித்தது. பழக்கதோஷம், எடுத்துவிட்டேன். குருவிநத்தத்திலிருந்து ஒருவர்.

“ஊசிக்காரரே, மாடு விடியகாத்தாலேர்ந்து கத்துது. எப்ப வரீங்க?”

“இன்னிக்கி முடியாதுபா.”

“இன்னாபா இப்பிடி சொல்ற? போன தபாவும் நீ லேட்டா வந்துதான் செனை நிக்கல.”

இருபது நிமிடம் அந்த மாட்டுக்காக வாதாடினேன். போனை வைத்துவிட்டுப் பார்த்தால் கீழே ஒரு அசைவும் இல்லை. இந்த மருந்தும் மனசு வைத்தால்தான் வேலை செய்யும் என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வரவில்லை. பக்கத்து அறையில் வசந்தா காத்துக்கொண்டிருக்கிறாள் என்பது மட்டும் நினைவில் இருந்தது. இன்னொரு ஊசியை எடுத்தேன். இந்தத் தடவை கொஞ்சம் தாராளமாகவே ஏற்றினேன்.

அடுத்த ஒரு மணி நேரத்தைப் பற்றி எழுதப்போவதில்லை. நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

பன்னிரண்டு மணிக்கு வசந்தா எழுந்துபோய் மீன் குழம்பு வைத்தாள். நான் வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. ஒரு மணிக்கும் அப்படியே. இரண்டு மணிக்கு வலி ஆரம்பித்தது. ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி வைத்துப் பார்த்தேன். மாடிப்படி ஏறி இறங்கினால் குறையும் என்று யாரோ சொன்னதாக ஞாபகம். பதினைந்து தடவை ஏறி இறங்கினேன். எதிர் வீட்டுக்காரர் திண்ணையில் நின்று பார்த்துவிட்டு, “இன்னா சார், இந்த வெயில்ல?” என்றார்.

“சுகருக்கு” என்றேன். பொய் இல்லை.

இரண்டரை மணிக்கு வசந்தாவிடம் சொன்னேன். முதலில் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

“டாக்டர் இன்னா சொன்னாரு?”

“நாலு மணி நேரம் ஆச்சின்னா ஆஸ்பத்திரிக்கிப் போவணும்னாரு.”

“எத்தினி மணிக்குப் போட்டீங்க?”

“பத்து. அப்பறம் பத்தரைக்கு இன்னொன்னு.”

அவள் விரல்விட்டு எண்ணினாள். “பொடவைய மாத்திக்கிட்டு வரேன். கெளம்புங்க.”

“கொஞ்ச நேரம் பாக்கலாமே வசந்தா. தானா அடங்கிடும். யாராச்சும் தெரிஞ்சவங்க பாத்துட்டா...”

“இத்தினி வருஷம் கழிச்சி ஒரு வழி கெடச்சிது. அதையும் கெடுத்துக்கப் போறீங்களா?” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

ஸ்கூட்டரில் உட்கார்ந்து பார்த்தேன். அடுத்த நொடியே இறங்கிவிட்டேன். ஆட்டோவுக்குப் போன் போடும்போது, மகளைக் காதுகுத்து வீட்டிலேயே விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பிய மாப்பிள்ளையின் கார் வாசலில் வந்து நின்றது. வேட்டிக்கு முன்னால் செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு நடுவாசலில் நின்ற என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

“மாமாவுக்கு இன்னா ஆச்சி அத்த?”

வசந்தா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “காலைலேர்ந்து ஒண்ணுக்குப் போவல மாப்ள. வலி தாங்கல. வண்டிய எடுங்க.”

அவர் என்னைக் கைத்தாங்கலாகப் பின்சீட்டில் ஏற்றினார். எடுத்த வேகத்தில் அரியூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். வழியில் ஒவ்வொரு வேகத்தடையிலும் நான் கத்தினேன். “கொஞ்சம் அடக்கிக்கங்க மாமா, வந்துட்டோம்” என்று அவர் ஆறுதல் சொன்னார். வசந்தா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவசரப் பிரிவில் மாப்பிள்ளையை வெளியே உட்காரவைத்துவிட்டு நாங்கள் இருவரும் உள்ளே போனோம். திரையை விலக்கிக்கொண்டு வந்த டாக்டர் ஒரு சின்னப் பெண். என்னைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

“ஊசிக்காரர் அங்கிள்தானே? எங்க வூட்டு செவலைக்கு நீங்கதான ஊசி போட வருவீங்க?”

பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

“ஆமாம்மா” என்றேன். “நல்லா இருக்கா செவலை?”

“நல்லா இருக்கு அங்கிள். மூணாவது ஈத்து. உங்களுக்கு என்ன பண்ணுது?”

நான் சொல்லாததை வசந்தா சொன்னாள். அந்தப் பெண் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. மருந்தின் பெயர், நேரம், அளவு எல்லாம் எழுதிக்கொண்டு, பெரிய டாக்டருக்குப் போன் செய்துவிட்டுக் கேட்டாள்.

“ரெண்டாவது ஊசி ஏன் அங்கிள் போட்டீங்க?”

வலியில் மூளை வேலை செய்யவில்லை. முப்பது வருடத் தொழில்தான் பேசியது. “மொத ஊசி நிக்கலைன்னா ரெண்டாவது போடறதுதானம்மா வழக்கம்.”

“அது மாட்டுக்கு அங்கிள்” என்றாள் அமைதியாக.

வசந்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரைக்கு வெளியே போய்விட்டாள்.

பெரிய டாக்டர் வந்து, மரத்துப்போக ஊசி போட்டு, தேங்கி நின்ற ரத்தத்தை ஊசியாலேயே உறிஞ்சி எடுத்தார். பிறகு அடங்குவதற்கு மருந்து. அதுவும் ஊசிதான். பக்கத்தில் அந்தப் பெண் என் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முக்கால் மணி நேரத்தில் நான் பழைய நிலைக்குத் திரும்பினேன். அந்தப் பழைய நிலைக்காக அவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைத்ததே இல்லை.

“நேரத்தோட வந்தீங்க. நாளைக்கிப் பாத்துக்கலாம்னு வூட்லயே இருந்திருந்தா உள்ள சதை செத்துப் போயிருக்கும். அப்பறம் எந்த ஊசியும் கேக்காது” என்றார் பெரிய டாக்டர்.

“இவதான் இழுத்துக்கினு வந்தா” என்றேன்.

அடுத்த வாரம் என் டாக்டரிடம் இருவருமாகப் போனோம். அவர் நாற்காலியை வசந்தா பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். இப்போது மருந்தை அளந்து ஏற்றித் தருவது அவள். என் போனை வாங்கி அணைத்துவைப்பதும் அவள்தான். ஒரு ஊசிக்கு மேல் இதுவரை தேவைப்படவில்லை.

செவலைக்கு ஊசி போட அந்தப் பெண்ணின் வீட்டுக்கு அதன் பிறகு இரண்டு தடவை போனேன். அவள் டியூட்டிக்குப் போயிருக்கிறாளா என்று கேட்டுக்கொண்டுதான் போனேன்.

மாப்பிள்ளைக்கு மட்டும் இன்றுவரை உண்மை தெரியாது. எனக்குச் சிறுநீர்க் கோளாறு என்றே நம்புகிறார். எப்போது வந்தாலும் ஒரு முழு வாழைத்தண்டும் பார்லி பாக்கெட்டும் இல்லாமல் வருவதில்லை. “ஒண்ணுக்கு ஒழுங்காப் போவுதா மாமா?” என்று போனில் ஸ்பீக்கர் போட்டுக் கேட்கிறார், அவர் வீட்டு ஆட்கள் எல்லாரும் என் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள். மனுஷர் அவ்வளவு நல்லவர்.

அவருடைய தம்பி கல்யாணத்தில், நூறு பேர் உட்கார்ந்த பந்தியில், நான் நடுவில் போய் உட்காரப் போனேன். பரிமாறிக்கொண்டிருந்த மாப்பிள்ளை அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

“மாமாவுக்கு ஓரமா எலை போடுங்கப்பா. அவருக்கு திடீர் திடீர்னு எழுந்துக்க வேண்டி வரும்.”

எதிர் வரிசையில் வசந்தாவுக்குப் புரையேறியது. இரண்டு பேர் தண்ணீர் கொடுத்தார்கள், ஒருவர் தலையில் தட்டினார். கண்ணில் நீர் வழிய அவள் நிமிரவே இல்லை. சம்பந்தி அம்மாள் பதறிப்போய், ரசத்தில் காரம் அதிகமா என்று சமையல்காரரைக் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.