ஆடும் பாறைக்கு ஓர் ஆங்கில வார்த்தை

பலகையில் கடைசி இடம் மட்டும் காலியாக இருந்தது. 'ஆடும் பாறை, எங்கள் ஊரின்' என்பது வரை ஆங்கிலத்தில் எழுதியாகிவிட்டது. அடுத்த வார்த்தைதான் ஸ்லாவ்காவைப் பாடாய்ப்படுத்தியது.

"ஆளுங்களை இழுக்கிற சமாச்சாரம்னு இங்கிலீஷ்ல எப்படிய்யா சொல்றது?" என்று கணவனைக் கேட்டாள்.

"நம்ம ஊர்ல ஆளுங்களை இழுக்கிறது ரக்கியா சாராயம் ஒண்ணுதான்," என்றான் மிங்கோ, சிவப்புப் பெயிண்ட்டைக் கலக்கிக்கொண்டே.

சனிக்கிழமை சுற்றுலா பஸ் முதன்முறையாக இங்கே நிற்கப்போகிறது. கூட்டம் இறங்கினால் வாராவாரம் நிற்கும். இறங்காவிட்டால் அதோடு சரி. வாராவாரம் நின்றால் அவர்கள் நடத்தும் தங்கும் விடுதியைக் கவனித்துக்கொள்ள ஜெர்மனியிலிருந்து வந்துவிடுவதாக மகன் காமென் சொல்லியிருந்தான். அவனைப் பார்க்காமல் ஸ்லாவ்காவுக்கு மனசே ஒரு நிலையில் இல்லை.

நல்லவேளையாக விடுதியில் நைஜல் என்று ஓர் ஆங்கிலேயர் தங்கியிருந்தார். எந்நேரமும் சுற்றுலாப் புத்தகமும் கையுமாக இருப்பார். வரும்போதே தொண்டை கட்டிப் பேச்சு அடியோடு போயிருந்தது. போனால் என்ன, தலை ஆடுகிறதே.

ஆனால் தலையாட்டலில்தான் விவகாரமே. நாங்கள் பல்கேரியர்கள் ஆமாம் என்றால் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவோம். இல்லை என்றால் மேலும் கீழும். வெளிநாட்டுக்காரர்களுக்கு எல்லாம் நேர்மாறு. இது தெரியாத விடுதிக்காரிகள் எத்தனையோ பேர். ஸ்லாவ்கா அப்படி ஏமாறுகிறவள் இல்லை.

வந்த அன்றே சோதித்துப் பார்த்துவிட்டாள். பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட சூடான பானித்ஸாவை நீட்டினாள். நைஜல் பக்கவாட்டில் ஆட்டினார். வேண்டாம் போலிருக்கிறது என்று உள்ளே எடுத்துப்போய்விட்டாள். பூண்டும் வினிகரும் தூக்கலாகப் போட்ட குடல் சூப்பைக் காட்டினாள். மேலும் கீழும் ஆட்டினார். நிறைய ஊற்றினாள். அதிலிருந்து மூன்று வேளையும் அதே சூப்தான்.

"கண்ணுல தண்ணி வருதே அந்தாளுக்கு," என்றான் மிங்கோ.

"தொண்டைக்கு அவ்வளவு இதமா இருக்கு. நீ வாயை மூடு."

காமெனின் பழைய பள்ளிக்கூட அகராதியைப் புரட்டி ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்தாள். "அட்ராக்‌ஷன்?" என்று நைஜலிடம் கேட்டாள். அவர் முகம் மலர்ந்து தலையைப் பக்கவாட்டில் ஆட்டினார்.

"சிரிச்சுக்கிட்டே வேண்டாங்கிறாரு. மனசு நோகக்கூடாதுன்னு பாக்குறாரு பாவம்," என்றாள்.

அதற்குள் மிங்கோ பாதி எழுதிவிட்டிருந்தான். துடைத்ததில் பலகையின் ஓரம் ரோஸ் நிறமானது.

"மேக்னெட்?"

நைஜல் கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி பக்கவாட்டிலேயே ஆட்டினார். அதையும் துடைத்தார்கள். இப்போது பலகை முழுக்க ரோஸ்.

"கவர்ச்சின்னா நம்மகிட்டயே வார்த்தை இருக்கு," என்று மிங்கோ தன் தூண்டில் பெட்டியைத் தூக்கி வந்தான். புழு டப்பாவின் மேல் ஆங்கிலத்தில் 'பெய்ட்' என்று அச்சடித்திருந்தது. "மீனையே சுண்டி இழுக்குது. மனுஷன் எம்மாத்திரம்?"

ஸ்லாவ்காவுக்கு அரை மனசு. ஆனாலும் டப்பாவை நைஜலிடம் காட்டி, பலகையைக் காட்டி, "பெய்ட்?" என்றாள்.

நைஜல் பதறி எழுந்தார். மூக்குக்கண்ணாடி கழன்று விழும்படி தலையை மேலும் கீழும் ஆட்டினார். இரண்டு கையையும் வேறு விரித்தார்.

"என்ன சந்தோஷம் பாரு மனுஷனுக்கு," என்று பூரித்துப்போனாள் ஸ்லாவ்கா. "எழுதுய்யா. பெருசா எழுது."

சனிக்கிழமை பஸ் வந்து பாறைக்கு நேர் கீழே நின்றது. தலைக்கு மேல் பாறை ஆடிக்கொண்டிருந்தது. அதன் அடியில் சிவப்பு எழுத்தில் 'பெய்ட்', அதாவது 'இரை', என்று ஒரு பலகை. பயணிகள் பலகையைப் பார்த்தார்கள், பாறையைப் பார்த்தார்கள். ஒருவரும் இறங்கவில்லை. ஸ்லாவ்கா பஸ் கதவையே பார்த்தாள். காமென் இனி வந்தாற்போலத்தான்.

அப்போது நைஜல் ஓடிவந்து பஸ்ஸில் ஏறினார். அன்று காலைதான் அவருக்குக் கொஞ்சம் குரல் திரும்பியிருந்தது. கரகரத்த தொண்டையில் ஏதோ சொன்னார். பஸ்ஸே அதிரும்படி சிரித்தார்கள். பிறகு முண்டியடித்து இறங்கி, பாறையை விட்டுவிட்டுப் பலகையின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் இரண்டு பஸ்ஸாக வரலாம் என்று டிரைவர் சொன்னார்.

"சரியான வார்த்தை எப்படி இழுக்குது பாத்தியா?" என்றாள் ஸ்லாவ்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது மட்டும் அவளுக்கு விளங்கவில்லை. நன்றி பொங்க நைஜலிடம் திரும்பினாள். "உங்களுக்கு இன்னொரு கிண்ணம் சூப் ஊத்தட்டுமா?"

நைஜல் தலையை மேலும் கீழும் வேகமாக ஆட்டினார். ஸ்லாவ்கா சமையலறைக்கு ஓடப் போனாள்.

பஸ்ஸோடு வந்த வழிகாட்டிப் பெண் யோவானா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அத்தை, இவரு புத்தகத்துல படிச்சிட்டு, வந்த நாள்லேருந்து நம்மள மாதிரியேதான் தலையாட்டிக்கிட்டு இருக்காராம்."