மூண்டுதரத்தாருக்கு ஆடு வேண்டாம்

முல்லைத்தீவுக் கடற்கரையில் கடலைவிடப் பெரிய சத்தம் போட்டவர் ஒரேயொருவர்தான். நான் கூட்டிச் சொல்வதாக நினைக்கிறவர்கள், கடலிலிருந்து சில மைல் உள்ளே இருக்கிற தண்ணீரூற்று ஆட்களைக் கேட்டுப் பார்க்கலாம். கடற்கரையில் இவர் மீன் ஏலம் கூறத் தொடங்கினால், அங்கே குசினியில் நிற்கிற பெண்கள் "இண்டைக்குப் பாறை மலிவாம்" என்று சொல்லிக்கொண்டே புளியை ஊறப்போடுவார்களாம். இதில் அரைவாசியைப் பொய்யென்று கழித்தாலும் மிச்சம் பெரிய சத்தம்தான்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்தது. அதைச் சொல்லிக் கேட்டால் அவருடைய வீட்டைக் காட்ட ஒருவரும் இருக்கமாட்டார்கள். எல்லோருக்கும் அவர் மூண்டுதரத்தார். சொந்த ஊரான கொக்கிளாயில் இருந்த காலத்திலேயே மீன் ஏலம் கூறுவதுதான் தொழில். "ஒருதரம், ரெண்டுதரம், மூண்டுதரம்" என்று மூன்றாவதோடு கையைத் தட்டினாரென்றால் மீன் கைமாறிவிட்டது. பிறகு ஆண்டவரே இறங்கி வந்து கேட்டாலும் மாற்றம் கிடையாது.

இந்தப் பழக்கம் ஊறிப்போய், தொழிலுக்கு வெளியிலும் மனிதர் வேறு மாதிரிக் கதைப்பதில்லை. சாப்பிட உட்கார்ந்தால், "குழம்பு வருமோ? ஒருதரம்" என்பார். மூன்றாவதுக்குள் குழம்பு வராவிட்டால் வெறும் சோற்றைத் தின்றுவிட்டு எழும்பிவிடுவார். அவருடைய மனைவி கலியாணம் முடித்த நாளிலிருந்து ஓட்டமும் நடையுமாகத்தான் சீவித்தார்.

கோயிலிலும் அதே கூத்து. எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் கோயில்களில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சுவாமியார் கேட்பார். ஓர் இரண்டாம் ஞாயிறு, சுவாமியார் அப்படிக் கேட்டுவிட்டு மூச்சு வாங்கிய இடைவெளியில் பின்வரிசை வாங்கிலிருந்து "ரெண்டுதரம்" என்று குரல் வந்தது. பெண்ணின் தகப்பன் உட்படக் கோயில் முழுக்கச் சிரித்தது. பூசை முடிந்ததும் சுவாமியார் கூப்பிட்டு ஏசினார்.

"கோவியாதேங்கோ சாமி. நீங்களும் என்ர தொழில்தானே செய்யிறியள்" என்றார் இவர்.

அதற்குப் பிறகு அந்தச் சுவாமியார் ஓலை வாசிக்கும்போது மூச்சு வாங்குவதேயில்லை.

கொக்கிளாயிலிருந்து இடம்பெயர்ந்து, ஓடி ஓடி இருந்த இடங்களில் ஓரிடத்தில், செல் குண்டு ஒன்று விழுந்து அவருடைய இரண்டு கண்களையும் கொண்டுபோய்விட்டது. "தொண்டையை விட்டிட்டுப் போட்டுது, மடைச் செல்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்ததில்லை.

நான் அவரை அறிந்தது அதற்குப் பிறகு, தொண்ணூறுகளின் கடைசிப் பக்கத்தில். சமூக சேவைப் பகுதியில் கிளாக்கராக இருந்தேன். கந்தோர் என்பது ஒரு பாடசாலையின் பாதிக் கட்டடம். வலது குறைந்தவர்களுக்குத் தொழில் வாய்ப்புக் கொடுக்கவென்று அரசாங்கம் ஒரு நிதி ஒதுக்கியிருந்தது. தையல் மெசின் கொடுப்பதென்பது முதல் யோசனை. மெசின்கள் வன்னிக்குள் வர இராணுவ அனுமதி கிடைக்காமல் வவுனியாவிலேயே தூங்கின. ஆட்டுக்கு ஒருவரின் அனுமதியும் தேவைப்படவில்லை. அது வன்னியிலேயே பிறந்து வன்னியிலேயே நின்றது. ஆகவே கால் போனவருக்கும் ஆடு, கை போனவருக்கும் ஆடு, காது கேளாதவருக்கும் ஆடு. மூண்டுதரத்தாருக்கும் இரண்டு ஆடுகள் கொடுத்து, கைநாட்டு வாங்கி, ஒரு குடும்பத்தை வாழவைத்த திருப்தியோடு நாங்கள் தேத்தண்ணி குடித்தோம்.

மறுநாள் காலை ஆடுகள் முன்னே வர, ஆட்டுக் கயிற்றைப் பிடித்தபடி மனைவி வர, மனைவியின் தோளைப் பிடித்தபடி மூண்டுதரத்தார் வந்து சேர்ந்தார். கந்தோருக்குப் பொறுப்பான எங்கள் உத்தியோகத்தர் நல்ல மனிதர். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பாரே தவிர வாயைத் திறக்கமாட்டார்.

"ஐயா, உங்கட ஆட்டைக் கொண்டந்திருக்கிறன். எடுங்கோ" என்றார் மூண்டுதரத்தார்.

"ஏன், ஆட்டுக்கு என்ன?"

"ஆட்டுக்கு ஒண்டுமில்லை. ஆட்டை மேய்க்க மனிசி போகவேணும், என்னைப் பாக்க மனிசி நிக்கவேணும். அவாவை ரெண்டாப் பிளக்கிறதோ? எனக்கு ஒரு தொழில் தெரியும். அதைத் தாங்கோ."

"கண் தெரியாமல் எப்பிடி மீன் விப்பியள்?"

"ஏலம் வாயாலயெல்லோ கூறுறது. என்ர வாய்க்கு என்ன குறை?"

பக்கத்து வகுப்பறையில் பாடம் நின்றுபோய், பிள்ளைகள் யன்னலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்களிட்ட இப்ப ஆடுதான் இருக்கு" என்றார் உத்தியோகத்தர்.

"அப்ப வேலை இல்லையெண்டு சொல்லுறியளோ? ஒருதரம். ரெண்டுதரம்."

உத்தியோகத்தர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பின்கதவால் போய்விட்டார். எதிராளி இல்லாததால் ஏலம் மறுநாளுக்குத் தள்ளிப்போனது.

மறுநாளும் வந்தார். அதற்கு அடுத்த நாளும் வந்தார். ஆடுகளை எங்கள் கிளுவை வேலியில் கட்டிவிட்டு வாசலில் உட்கார்ந்துகொள்வார். வேலியை முடித்துக்கொண்டு ஆடுகள் உத்தியோகத்தர் ஆசையாக நட்டிருந்த மரவள்ளிக்குப் போயின. "அரசாங்க ஆடு அரசாங்கக் காணியில மேயுது. இதில நான் என்ன செய்யிறது?" என்பார். மரவள்ளியில் ஒரேயொரு தடி மிஞ்சி நின்ற அன்று உத்தியோகத்தர் வாயைத் திறந்தார்.

"அண்ணை, இன்னொரு வழியும் இருக்கு. ஏதாவது சங்கம் உங்களை வேலைக்கு எடுத்தால், முதல் வருசச் சம்பளத்தை அரசாங்கம் குடுக்கும். போய் எடுக்கிற சங்கத்தைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

ஒரு சங்கமும் எடுக்காது என்ற தைரியத்தில்தான் அவர் சொன்னார். அடுத்த நாள் விடிய, கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் எங்கள் வாசலில் நின்றார். அவராக வரவில்லை. அவருடைய மணிக்கட்டு மூண்டுதரத்தாரின் பிடிக்குள் இருந்தது.

"சம்பளம் நீங்கள் குடுப்பியள் எண்டால் எங்களுக்கு நட்டமில்லைத்தானே" என்றார் தலைவர், கையைத் தடவிக்கொண்டு.

ஆடுகள் கந்தோரிலேயே நின்றுவிட்டன. மூண்டுதரத்தார் கடற்கரைக்குப் போனார்.

முதல் நாள் வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன். அங்கே மீன் வாங்குகிற முதலாளிமார் வாயைத் திறப்பதில்லை. ஒருவர் காதைச் சொறிவார், ஒருவர் தோள் துவாயை இழுப்பார், விலை ஏறும். தங்களுக்குள் கண்ணைக் காட்டினால் விலை ஏறாது. கடலுக்குப் போய் வந்தவன் இடுப்பில் ஈரச் சாரத்தோடு பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான். இவர்களில் பெரியவர் கருவாட்டு முதலாளி. அவர் ஒரு தலையசைப்பில் ஒரு வள்ளத்து மீனை வாங்குகிறவர்.

நல்ல அறக்குளா மீன் குவியல் ஒன்று. மூண்டுதரத்தார் தொடங்கினார். மீன்பெட்டியோடு நின்ற ஒரு பெண் மெல்லிய குரலில் ஒரு விலை கேட்டார். கருவாட்டு முதலாளி தலையை அசைத்தார்.

"அக்கா கேட்ட விலை. ஒருதரம்."

முதலாளி இன்னும் பலமாகத் தலையை அசைத்தார். காதையும் சொறிந்தார்.

"ரெண்டுதரம்."

முதலாளி துவாயை உருவி ஆட்டினார். கரையிலிருந்து வள்ளத்தைக் கூப்பிடுகிறவர் போல இருந்தது.

"மூண்டுதரம்." கை தட்டப்பட்டது.

"டேய், நான் கேட்டனானெல்லோ" என்று முதலாளி கத்தினார்.

"எனக்குக் கேக்கேல்லை முதலாளி. இப்பத்தான் கேக்குது. நல்ல குரல் உங்களுக்கு, ஏன் இவ்வளவு நாளும் ஒளிச்சு வைச்சனியள்?"

அன்றிலிருந்து கடற்கரையில் எல்லோருக்கும் வாய் முளைத்தது. முதலாளிமார் கண்ணைக் காட்டிப் பேசிக்கொள்ளலாம், ஆனால் விலையை ஊர் கேட்கச் சொல்லவேண்டும். ஊர் கேட்கச் சொன்ன விலைக்கு மேல் அடுத்தவன் ரோசத்தில் கூட்டினான். வள்ளக்காரர் வீடுகளில் பிள்ளைகளுக்குப் புதுச் சட்டை தெரிந்தது. மூண்டுதரத்தாரும் மனைவியின் தோளை விட்டுவிட்டு, ஒரு தடியோடு தனியே வரப் பழகியிருந்தார்.

வருடம் முடிந்தது. அரசாங்கம் கொடுத்த சம்பளமும் நின்றது. இனிச் சங்கம் தன் பணத்தில் கொடுத்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. முடிவெடுக்கக் கடற்கரைக் கொட்டிலில் பொதுக்கூட்டம் வைத்தார்கள். கந்தோர் சார்பில் நான் போனேன். போகும்போது உத்தியோகத்தர் என்னைக் கூப்பிட்டு, "சரிவராட்டில் கவலைப்படவேண்டாமெண்டு சொல்லும். அந்த ஆடுகள் குட்டி போட்டிருக்கு, குட்டியளையும் சேர்த்துக் குடுக்கலாம்" என்றார். அதை நான் மூண்டுதரத்தாரிடம் சொல்லவில்லை.

கூட்டத்தில் கருவாட்டு முதலாளிதான் முதலில் எழும்பினார். அவரும் சங்கத்தில் பழைய அங்கத்தவர். "கண் தெரிஞ்ச பெடியன் ஒருத்தனைப் போடுவம். சம்பளமும் குறைவு" என்றார்.

மூண்டுதரத்தார் நடுவில் தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். "நான் ஆரிட்டையும் இரக்கம் கேக்கேல்லை. இந்த ஒரு வருசம் உங்கட மீன் என்ன விலைக்குப் போனதெண்டு உங்களுக்குத் தெரியும். வேணுமெண்டால் வைச்சிருங்கோ. வேண்டாமெண்டால் இப்பவே சொல்லுங்கோ" என்றார்.

தலைவர், சங்க வழக்கப்படி, "அவரை வைச்சிருக்க விரும்புறவை கையை உயர்த்துங்கோ" என்றார்.

கைகள் உயர்ந்தன. எண்ண வேண்டிய அவசியமே இல்லாதபடி உயர்ந்தன. ஆனால் ஒருவரும் மூச்சுவிடவில்லை. கடல் மட்டும்தான் இரைந்தது. மூண்டுதரத்தார் தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டு நின்றார். அவருடைய முகம் மெல்ல மெல்ல இறுகியது.

"வேணுமெண்டு ஒருத்தரும் இல்லையோ? ஒருதரம்."

அப்போதும் எங்களுக்கு உறைக்கவில்லை. கையை இன்னும் மேலே நீட்டினோமே தவிர வாயைத் திறக்கத் தோன்றவில்லை.

"ரெண்டுதரம்" என்றார். அந்தக் குரல் கொட்டிலைத் தாண்டிப் போகவில்லை. அவர் மெதுவாகப் பேசியதை முதன்முதலாக அன்றுதான் கேட்டேன். தட்டுவதற்குக் கைகளும் விரிந்துவிட்டன.

"நில்லு அண்ணை" என்று ஒரு சத்தம். கருவாட்டு முதலாளி. ரெண்டுதரம் என்று கேட்டால் வாயைத் திறக்கவேண்டுமென்று ஒரு வருடமாகப் பழகிய மனிதர். "எல்லாரும் கையைத் தூக்கிக்கொண்டெல்லோ நிக்கினம்."

மூண்டுதரத்தார் அசையவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கை எனக்குக் கேக்கேல்லை. வேணுமெண்டவை வாயைத் திறவுங்கோ. ஒவ்வொருத்தராச் சொல்லுங்கோ."

முன்வரிசையிலிருந்து ஒருவர் "ஓம்" என்றார். பிறகு அவருக்குப் பக்கத்தில் இருந்தவர். பிறகு மீன்பெட்டிக்கார அக்கா. ஓம், ஓம் என்று வரிசை வரிசையாக வந்தது. கருவாட்டு முதலாளியும் இருமிக்கொண்டு, "சரி, ஓம்" என்றார். கடைசியில் கதவோரம் நின்ற நானும் சொன்னேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "ஆர், கிளாக்கர் தம்பியோ?"

"ஓம் அண்ணை."

"நீர் சங்கத்தில இல்லையே. உமக்கு வோட்டு இல்லை."

"தெரியும் அண்ணை."

தடியை ஊன்றி ஓரடி கிட்ட வந்தார்.

"எண்டாலும் இன்னொருக்கால் சொல்லும்" என்றார்.

சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவர் மூண்டுதரம் என்று சொல்லிக் கையைத் தட்டினார்.