கப்பி ரோட்டில் கால் வைக்காத மாஜி

பதவியை இழந்தவர்கள் உலகத்தில் ஏராளம். பதவிதான் தன்னை இழந்துவிட்டது என்று நம்பி, அதற்காகப் பதவியின் மேல் இரக்கப்பட்டவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் என் தாய்மாமன். ஊரில் அவரை மாஜி என்பார்கள்.

திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குப் போகும் பஸ் எங்கள் ஊருக்குப் பிரியும் விலக்கில் கை காட்டினால் நிற்கும். கை காட்ட ஆள் இல்லாவிட்டால் புழுதியை மட்டும் இறக்கிவிட்டுப் போகும். சின்ன ஊர். கிழக்குத் தெருவில் அம்மா பிறந்த வீடு, மேற்குத் தெருவில் எங்கள் வீடு. ஐம்பதுகளின் நடுவில் ஒரு பஞ்சாயத்துத் தேர்தல் வந்தபோது மாமாதான் தலைவர். அவரை எதிர்த்து நின்றவர் என் அப்பாவின் அண்ணன், அதாவது என் பெரியப்பா. பெரியப்பா ஜெயித்துவிட்டார்.

ஒரு பக்கம் அண்ணன், மறுபக்கம் மச்சான் என்று நின்றதால் என் அப்பா தேர்தல் சமயத்தில் பழனிக்குக் காவடி எடுக்கப் போய்விட்டார். அப்படி ஒரு வேண்டுதல் இருந்தது முருகனுக்கே அப்போதுதான் தெரிந்திருக்கும். முடிவு வெளியான பிறகே மொட்டைத் தலையோடு திரும்பினார். அம்மா யாருக்கு ஓட்டுப் போட்டாள் என்பதில் இரண்டு தரப்புக்கும் சந்தேகமே இல்லை. மாமா தனக்குத்தான் என்றார், பெரியப்பா தனக்குத்தான் என்றார். நேரில் கேட்டவர்களுக்கு அம்மா காபி போட்டுக் கொடுத்தாள்.

தோற்ற மறுநாள் யாரோ கிண்டலாக மாஜி என்று கூப்பிட்டிருக்கிறார்கள். மாமா கோபப்படவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, பெயரை ஏற்றுக்கொண்டார்.

"பிரசிடென்ட் பதவிய அடுத்த தேர்தல்ல புடுங்கிப்புடலாம்லே. மாஜிப் பதவிய எவன் புடுங்குவான்?"

அன்று முதல் அவருக்கு ஓய்வே இல்லை. அவர் காலத்தில் ஊருக்கு வந்தவை ஒரு அடிபம்பு, சில தெருவிளக்குகள், வாய்க்கால் மேல் ஒரு சின்னப் பாலம், பஞ்சாயத்து ரேடியோ. தினமும் சாயங்காலம் இவை எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்து வருவார். விளக்குக் கண்ணாடியைத் துண்டால் துடைப்பார். பம்பில் வேகமாகத் தண்ணீர் அடிக்கும் பெண்களிடம் போய், செத்த மெதுவா அடிங்க, அதுக்கும் மூச்சு வாங்கும்ல என்பார். பாலத்தைத் தட்டிப் பார்ப்பார். மாட்டுச் சந்தையில் மாட்டைத் தட்டிப் பார்ப்பதுபோல் இரண்டு தட்டு. பிறகு திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொள்வார்.

ரேடியோ விஷயம் கொஞ்சம் சிக்கலானது. சாவடி அறையில் மரப்பெட்டிக்குள் அது இருந்தது. பெட்டிக்குத் திண்டுக்கல்லில் செய்த மணிப்பூட்டு ஒன்று போட்டிருந்தார் மாமா. சாவியைத் திருப்பும் ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளே மணி அடிக்கும் பூட்டு. பதவி போனபோது முத்திரையைக் கொடுத்தார், அறைச் சாவியைக் கொடுத்தார், பூட்டுச் சாவியை மட்டும் கொடுக்க மறந்துபோனார். யாராவது நினைவூட்டும்போதும் மறந்துபோனார். பெரியப்பா திண்டுக்கல்லிலிருந்து பூட்டுக்காரர் ஒருவரை அழைத்து வந்தார். வந்தவர் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது என் கையால் செய்தது, சாவி இல்லாமல் இது திறந்தால் நான் தொழிலை விட வேண்டியதுதான் என்று சொல்லி, சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

அதனால் ஆட்சி பெரியப்பாவுடையது, ரேடியோ மாமாவுடையது என்று ஆயிற்று. சாயங்காலம் மணிச் சத்தம் கேட்டால் ஊர் சாவடிக்கு வரும். செய்தி ஓடும்போது மாமா பெட்டிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். டெல்லிச் செய்திக்கும் தன் கையெழுத்து வேண்டும் என்பதுபோன்ற முகம். முடிந்ததும், அம்புட்டுத்தான், கலையலாம் என்று உத்தரவு கொடுப்பார். பெரியப்பா அந்தப் பக்கமே வரமாட்டார். ஆனால் செய்தி நேரத்தில் சாவடிச் சுவருக்குப் பின்னால் அவருடைய எருமை எப்படியோ அவிழ்ந்துவிடும். அதைத் தேடிக்கொண்டு அவர் வருவார். விலை நிலவரம் முடியும்வரை எருமை அகப்படாது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பெரியப்பா ரோடு போட்டார். பஸ் நிற்கும் விலக்கிலிருந்து கிழக்குத் தெரு வழியாக மேற்குத் தெரு வரைக்கும் சரளைக் கல் கொட்டி, உருளை ஓட்டி, தண்ணீர் தெளித்து இறுக்கிய கப்பி ரோடு. ஊரே வேடிக்கை பார்த்தது. மாமா தன் வீட்டு வாசலில் நின்றபடி, அந்த ரோட்டில் தன் கால் படாது என்று அறிவித்தார்.

வாய்விட்டுச் சொன்னதை அவர் காப்பாற்றினார். ரோட்டு ஓரத்து வாய்க்காலில் இறங்கி நடக்க ஆரம்பித்தார். ரோட்டில் போகிறவர்களின் இடுப்பு உயரத்தில் அவர் தலை தெரியும். அந்தத் தலை நலம் விசாரிக்கும், மழை பற்றிப் பேசும், ஒட்டன்சத்திரத்தில் தக்காளி என்ன விலை என்று கேட்கும். மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில், தலைக்குமேல் குடையோடு வருவார். ரோட்டைக் கடக்க வேண்டுமென்றால், வாய்க்கால் ரோட்டுக்குக் குறுக்கே திரும்பும் இடத்தில் இருந்த பாலத்துக்கு அடியில் குனிந்து நுழைந்து மறுபக்கம் வருவார். பாலம் அவர் காலத்துப் பாலம். அதன் அடிப்பகுதியும் அவருடையதே என்பது அவர் கணக்கு. மாட்டுவண்டியில் ஏறி ரோட்டில் போகலாம், சக்கரம்தானே படுகிறது, என்று ஒரு விதியும் வைத்திருந்தார்.

எனக்கு அப்போது ஏழு வயதிருக்கும். ரோட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. ஒருநாள் நானும் வாய்க்காலில் இறங்கி அவரோடு நடந்தேன். ரோடு சுடுமா மாமா என்று கேட்டேன்.

"சுடாது ஆத்தா."

"பெறகு?"

அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "நல்ல ரோடு ஆத்தா. நெசமாவே நல்ல ரோடு. அதான் வயித்தெரிச்சல்."

இதெல்லாம் ஊருக்கு வேடிக்கை. அம்மாவுக்கு மட்டும் வேடிக்கையாக இல்லை. காரணம் என் காது.

எங்கள் பக்கம் பிள்ளைக்குக் காது குத்துவதென்றால் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அதற்கு முன் அவர் தட்டுத் தட்டாகச் சீர் எடுத்து, மேளம் முன்னே போக, ஊர் பார்க்க, பெரிய தெரு வழியாக நடந்து வர வேண்டும். மாமா எங்கள் வீட்டுக்கு வராதவர் அல்ல. வயல் வரப்பு வழியாக வந்து மாட்டுக் கொட்டத்துப் பக்கம் நின்று அம்மாவிடம் முருங்கைக்காய் கொடுத்துவிட்டுப் போவார். ஆனால் சீர் கொட்டத்து வழியாக வர முடியாது. பெரிய தெரு இப்போது கப்பி ரோடாகிவிட்டது. இந்த ஒரு காரணத்தால் என் காதுகுத்து வருஷா வருஷம் தள்ளிப்போனது. பள்ளிக்கூடத்தில் என் பெயர் மூளிக்காதி. என் வயதுப் பெண்கள் எல்லாரும் தோடு, ஜிமிக்கி என்று ஆட்டிக்கொண்டு வருவார்கள். நான் ஆட்ட எதுவும் இல்லாததால் தலையை ஆட்டாமல் பேசப் பழகினேன்.

வண்டியில் வருகிறேன் என்று மாமா ஒருமுறை சொல்லி அனுப்பினார். அம்மா அந்த ஆளிடமே பதில் சொல்லி அனுப்பினாள்: வண்டியில் வந்து இறங்கச் சீர் என்ன சந்தைச் சரக்கா? தாய்மாமன் இல்லாமலே குத்திவிடலாம் என்று பெரியப்பா ஒரு யோசனை சொன்னார். அன்று இரவு அம்மா போட்ட சாப்பாட்டில் உப்பு இல்லை.

பிறகு ஒரு தை மாதம், அம்மா தானே வரப்பு வழியாகப் பிறந்த வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். உட்காரச் சொன்னார் மாமா. அவள் உட்காரவில்லை.

"அண்ணே, ரோட்டுல உன் காலு படக் கூடாது. அம்புட்டுத்தானே?"

"அம்புட்டுத்தான்."

"படாது. நடைமாத்து விரிக்கச் சொல்லுறேன். நீ துணி மேல நடந்து வா. அதுக்கும் வரலேன்னா இவளுக்குக் காது குத்தல. மூளியாவே கட்டிக் குடுத்துருவேன். எவனாச்சும் கேட்டா, தாய்மாமன் உசுரோடதான் இருக்காருன்னு சொல்லிக்கிறேன்."

நடைமாத்து என்பது மரியாதைக்குரியவர்கள் வரும் வழியில் வெளுத்த வேட்டிகளை வரிசையாக விரிப்பது. சாமி ஊர்வலத்துக்கும் உண்டு, சீர் கொண்டுவரும் தாய்மாமனுக்கும் உண்டு. மாமா கூரையைப் பார்த்துக் கணக்குப் போட்டார். விதிப்படி இதில் குற்றம் இல்லை என்று அவருக்குப் பட்டது. சரி என்றார். அம்மா அதன் பிறகுதான் உட்கார்ந்தாள்.

பெரியப்பாவுக்குச் சேதி போனதும் அவர் முகம் சுருங்கியது. தான் போட்ட ரோட்டைத் துணியால் மூடுகிறார்களா என்று கேட்டார். ஆனால் தாய்மாமனுக்கு மாத்து விரிக்கக் கூடாது என்று எந்தப் பிரசிடென்டும் சொல்ல முடியாது.

பங்குனியில் வைத்த காதுகுத்து அன்று காலையில் கிழக்குத் தெருவிலிருந்து மேளம் கிளம்பியது. ஊருக்குத் துணி வெளுக்கும் முத்தையா முன்னால் வேட்டிகளை விரித்துக்கொண்டே போக, அவர் மனைவி பின்னால் மிதித்து முடிந்தவற்றை எடுத்து ஓடிவந்து முன்னால் கொடுத்தார். நடுவில் பட்டு வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாக மாமா. துணி விலகிய இடங்களைத் தாண்டித் தாண்டி வைத்த அவர் நடையைப் பார்த்தால், யாரோ நண்டு பிடிக்கிறார் என்று தோன்றும். பின்னால் தட்டுகளோடு பெண்கள். அதற்கும் பின்னால் சீர்வரிசையின் கடைசி உருப்படியாக மாலை போட்ட ஒரு கிடாய்.

எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால், சரியாகப் பெரியப்பா வீட்டு வாசலில் அந்தக் கிடாய் நின்றது. வேட்டியின் மேல் நின்றது. நின்றதோடு இல்லாமல் அதன் கரையைத் தின்னவும் ஆரம்பித்தது. முத்தையாவின் மனைவி இழுத்துப் பார்த்தார். கிடாய் நகரவில்லை. பின்னால் துணி மாட்டிக்கொண்டதால் முன்னால் விரிக்கத் துணி இல்லை. மேளக்காரர்கள் இதைக் கவனிக்காமல் கொஞ்ச தூரம் போய்விட்டு, யாரும் பின்னால் வராததைப் பார்த்து நின்றார்கள். கடைசி வேட்டியின் நுனியில், ஒரு காலைத் தூக்கியபடி மாமா கொக்கு மாதிரி நின்றார்.

யாரும் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டுப் பந்தலில் காது குத்தும் ஆசாரி, நல்ல நேரம் போகிறது என்று அப்பாவிடம் முணுமுணுத்தார். அம்மா வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றாள். பக்கத்தில் நின்ற எனக்கு அதில் இருந்த சிவப்புத் தண்ணீர் விளிம்பைத் தொட்டுத் தொட்டுத் திரும்புவது தெரிந்தது.

அப்போது பெரியப்பா வெளியே வந்தார். மாமாவைப் பார்த்தார், கிடாயைப் பார்த்தார், தொலைவில் அம்மாவைப் பார்த்தார். தன் தோளில் கிடந்த சரிகைத் துண்டை எடுத்து உதறி, மாமாவின் காலுக்கு முன்னால் ரோட்டில் விரித்தார்.

பஞ்சாயத்துக் கூட்டத்துக்கும், கலெக்டர் வந்தால் மாலை போடவும் மட்டுமே அவர் போடும் துண்டு அது.

மாமாவின் தூக்கிய கால் அந்தரத்திலேயே நின்றது. துண்டைப் பார்த்தார். பிறகு தூக்கிய காலைத் துண்டுக்குப் பக்கத்தில், வெறும் கப்பியின் மேல் வைத்தார். அடுத்த காலையும் வைத்தார். குனிந்து துண்டை எடுத்துத் தட்டி, நாலாக மடித்துப் பெரியப்பாவின் தோளில் போட்டார்.

"பிரசிடென்ட் துண்டு தரையில கெடக்கக் கூடாது, மச்சான். அந்தத் தோளுக்கு ஒரு மரியாதை இருக்கு."

இருவரும் மேளத்துக்குப் பின்னால் சேர்ந்து நடந்தார்கள். சில அடிகள் போனதும் மாமா பாதத்தால் ரோட்டை அழுத்திப் பார்த்தாராம். பக்கத்தில் நடந்தவர்கள் சொன்னது.

"இன்னும் ஒரு லோடு கப்பி போட்டுருக்கலாம்."

"தெரியும் மச்சான். அம்புட்டுத்தான் சாங்ஷன் ஆச்சு."

"ஆமா. எனக்கும் அப்படித்தான் செய்வானுக."

அன்று மாமா மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டேன். ஊசி கிட்டே வந்ததும் அவர் உள்ளங்கையால் என் கண்ணை மூடினார். ஆசாரியைப் பெயர் சொல்லி மிரட்டினார், பிள்ளை கத்தினால் உன் பட்டறையை மூடிவிடுவேன் என்று. மூடுகிற அதிகாரம் தன்னிடம் இல்லை என்பது அந்த நேரத்தில் அவருக்கு நினைவில்லை. நான் கத்தினேன். எனக்கு முன்னால் அவர் கத்திவிட்டதால் அது பெரிதாகத் தெரியவில்லை.

இனிமேல் சமாதானம்தான் என்று ஊர் முடிவு கட்டியது. மறுநாள் காலையில் பார்த்தால் வாய்க்காலுக்குள் மாமாவின் தலை போய்க்கொண்டிருந்தது. அப்பா ஓடிப்போய்க் கேட்டார். மாமா நின்று பொறுமையாக விளக்கினார்.

"நேத்து வந்தது தாய்மாமன், மாப்ள. இன்னைக்குப் போறது மாஜி."

அந்த வாரமே பெரியப்பா ஆள் விட்டு வாய்க்காலில் இருந்த கருவேல முள்ளையெல்லாம் வெட்டச் சொன்னார். நடக்கத் தோதாக மணல்கூடக் கொட்டினார்கள். எதற்கு என்று கேட்டவர்களிடம், தண்ணீர் ஓட்டத்துக்கு என்றார். தண்ணீர் அப்போது ஓடவில்லை, பங்குனி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மாமா கடைசி வரைக்கும் அந்த மணலில்தான் நடந்தார். யார் போட்டது என்று ஒருநாளும் கேட்கவில்லை.

இப்போது ஊருக்குப் போனால், இது மாஜி செய்தது என்று காட்ட ஒன்றும் மிச்சமில்லை. அவர் என்னதான் விட்டுப்போனார் என்று எப்போதாவது யாராவது கேட்பார்கள். நான் தலைமுடியை ஒதுக்கிக் காதைக் காட்டுவேன்.