மாமாவைக் கடலில் நிறுத்திய பேட்டரி

எடை குறைந்த பொருள் எதைக் கண்டாலும், அதைச் செய்தவன் அறிவாளி, வாங்குகிறவன் அவனைவிடப் பெரிய அறிவாளி என்று நம்பிவிடுவேன். எங்கள் வீட்டு ஸ்டோர் ரூமில் இதற்குச் சாட்சிகள் உண்டு. மின்விசிறியைப் போட்டால் நகரும் மடக்கு நாற்காலி ஒன்று. முதல் பயணத்திலேயே சக்கரத்தை விமான நிலையத்தில் விட்டுவந்த பெட்டி ஒன்று. (என் மனைவி அந்த அறைக்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.) அந்த வரிசையில் கடைசியாகச் சேர்ந்தது ஒரு லித்தியம் பேட்டரி. அதற்குப் பிறகு எனக்குத் தனியாகக் கடைக்குப் போக அனுமதி இல்லை.

என் மனைவியின் தம்பி சரவணன், கடலோர ஊரான மெர்லிமாவில் இருக்கிறான். வார இறுதியில் மீன் பிடிக்க ஒரு சின்ன ஃபைபர் படகு வைத்திருந்தான். பின்பக்கம் மாட்டும் மோட்டார். சாவியைத் திருப்பினால் கிளம்பும். அதற்கு ஒரு பழைய ஈய பேட்டரி. அதைக் காரிலிருந்து படகுக்குத் தூக்கிப் போகும் ஒவ்வொரு முறையும் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

அப்போது நான் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். லித்தியம் பேட்டரிகளைப் பற்றிய கட்டுரை ஒன்று என் மேசைக்கு வந்தது. அதில் நான் செய்தது ஒற்றுப்பிழை திருத்தம் மட்டும். ஆனால் அன்று மாலை புக்கிட் காத்திலுக்கு வீடு திரும்பும்போது, அத்துறையின் நிபுணனாகவே திரும்பினேன். அந்த வாரமே தெங்கேராவில் ஒரு கடைக்குப் போனேன்.

“எதுக்கு?” என்றார் கடைக்காரர்.

“போட்டுக்கு.”

படகில் வைப்பதற்கென்றே செய்த பேட்டரியை எடுத்துக் கொடுத்தார். ஒரு கையால் தூக்க முடிந்தது. படகில் அதைக் கொண்டு என்ன செய்யப்போகிறேன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. யார், எங்கே, எப்போது, எதற்காக என்று ஊரையே கேட்டுப் பிழைக்கும் தொழிலில் இருந்தவன், அட்டையில் எழுதியிருந்ததைக்கூடப் படிக்காமல் வாங்கி வந்து சரவணனுக்குப் பரிசாகக் கொடுத்தேன்.

அவன் அதைப் படகில் பொருத்திய சில நாட்களில் அவன் அப்பா, என் மாமா, இறந்துபோனார். மெர்லிமாவுக்கு உள்ளே ஒரு செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வயதான மனிதர், நோயும் இருந்தது, எல்லோரும் எதிர்பார்த்ததுதான். தகனத்துக்கு மறுநாள் காலை அஸ்தி கரைக்கப் போகவேண்டும். வாடகைப் படகு வேண்டாம், அப்பாவை நம் படகிலேயே கொண்டுபோவோம் என்றான் சரவணன். யாரும் மறுக்கவில்லை.

படகு கட்டும் ஜெட்டியில் அத்தை, என் மாமியார், ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. படகில் ஏறப்போன மூவரையும், அதாவது சரவணனையும், மாமாவின் தம்பியையும் (எங்களுக்கெல்லாம் அவர் சித்தப்பா), என்னையும், தனித்தனியாகக் கூப்பிட்டு ஒரே விஷயத்தைச் சொன்னார்.

“கரைச்சதும் கரையப் பாத்து நேரா வந்துரணும். யாரும் திரும்பிப் பாக்கக் கூடாது. பாத்தா அவரு கூடவே வந்துருவாரு. அவரு நிம்மதியா போகட்டும்.”

என்னிடம் மட்டும் இரண்டு முறை சொன்னார். என்னை அவருக்குத் தெரியும்.

சரவணன் பழைய பேட்டரியையும் படகில் ஏற்றப் பார்த்தான். “எதுக்கும் இருக்கட்டும் அத்தான்.”

“எதுக்குச் சும்மா வெயிட்டு?” என்றேன். ஜெட்டியிலேயே இறக்கி வைத்தான்.

சாவியைத் திருப்பியதும் மோட்டார் ஒரே உறுமலில் கிளம்பியது. சரவணன் என்னைப் பார்த்துத் தலையாட்டினான். துக்கத்துக்குப் பொருத்தமான அளவில், பாதிப் புன்னகை ஒன்றைச் செய்தேன்.

கரை மெல்லிய கோடாகத் தெரியும் தூரத்துக்குப் போனோம். சித்தப்பா சொன்னபடி படகின் மூக்கைக் கரைப்பக்கம் திருப்பி நிறுத்தி, சரவணன் மோட்டாரை அணைத்தான். பிறகு பின்பக்கம் குனிந்து கலயத்தைத் தண்ணீரில் இறக்கினான். மாலையைப் போட்டோம். பூக்களைத் தூவினோம்.

“அவ்வளவுதான். எல்லாரும் முன்னாடி பாத்து உக்காருங்க,” என்றார் சித்தப்பா. உட்கார்ந்தோம். சரவணன் சாவியைத் திருப்பினான்.

மோட்டார் இருமியது. அவன் சாவியை விடாமல் பிடித்திருந்தான். இன்னொரு இருமல். பிறகு ஒன்றுமே இல்லை. சாவியைத் திருப்பும் சத்தம் மட்டும் கேட்டது.

“அத்தான், புது பேட்டரிலா.”

“அதான் பாக்குறேன்,” என்றேன். பார்க்கவில்லை. பார்க்க முடியாது. பேட்டரி பின்னால் இருந்தது.

எனக்குப் பிறகு தெரியவந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மோட்டாரைக் கிளப்ப ஒரு கணத்தில் ஏராளமான மின்சாரம் வேண்டும். நான் வாங்கியது படகில் விளக்கு எரிக்கவும் மீன் காட்டும் கருவிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக, நீண்டநேரம் கொடுக்கிற வகை. அளவுக்கு மேல் இழுத்தால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துவிடும். காலையில் கிளம்பியது அதன் பெருந்தன்மை.

“மூடியத் தொறந்து கயிறு கட்டி இழுத்தா ஸ்டார்ட் ஆகும்,” என்றான் சரவணன்.

“எப்படி இழுப்ப? மோட்டாரப் பாத்துத்தான நிக்கணும்?” என்றார் சித்தப்பா.

“நான் மாப்பிள்ளைதானே, நான் பார்க்கலாமா?” என்றேன்.

“பொண்ணு எடுக்கும்போது குடும்பம், இப்ப வேத்தாளா?”

இந்த விவாதம் நடந்துகொண்டிருந்தபோதுதான் அது என் இடது கண்ணின் ஓரத்தில் தெரிந்தது. பூமாலை. படகையும் மாலையையும் நீரோட்டம் ஏறக்குறைய ஒரே வேகத்தில் இழுத்துக்கொண்டிருந்தது. நாங்கள் போகவில்லை, அதுவும் போகவில்லை. மெதுவாக எங்கள் பக்கவாட்டில் வந்து சேர்ந்துகொண்டது.

“சித்தப்பா, அதுவா முன்னாடி வந்தா பாக்கலாமா?” என்றான் சரவணன்.

சித்தப்பா வெகுநேரம் யோசித்தார். “கண்ண மூடிக்க.”

பேட்டரியின் இணைப்பைக் கழற்றி மாட்டினால் உயிர் வரும் என்று கட்டுரையில் படித்த ஞாபகம் இருந்தது. கரையைப் பார்த்தபடியே, உட்கார்ந்த நிலையில், பின்னோக்கி நகர ஆரம்பித்தேன். வழியில் வெற்றிலைத் தட்டின் மேல் ஏறினேன். கற்பூரத் தட்டு சூடு ஆறியிருந்ததா என்பதையும் தெரிந்துகொண்டேன். (ஆறவில்லை.) ஒருவழியாகக் கைகளை முதுகுக்குப் பின்னால் விட்டு, தடவித் தடவித் திருகைக் கழற்றினேன்.

அப்போது சரவணனின் போன் அடித்தது. அத்தை. ஸ்பீக்கரில் போட்டான்.

“போட்டு ஏன்டா அங்கயே நிக்குது?”

சரவணன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. “மாலை போக மாட்டேங்குதும்மா. பக்கத்துலயே நிக்குது.”

அந்தப் பக்கம் அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

“உங்கப்பா அப்படித்தான். எங்க கெளம்புனாலும் வாசல் கேட்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வருவாரு. அடுப்பு கேஸ மூடுனியா, பின்கதவ பூட்டுனியான்னு கேட்டுட்டுத்தான் போவாரு. நேத்துலேர்ந்து வீட்டுல அத்தன பேரு. யாரும் சொல்லியிருக்க மாட்டீங்க. கேஸ மூடியாச்சு, கதவ பூட்டியாச்சுன்னு சொல்லுங்க. போயிருவாரு.”

சரவணனின் தோள்கள் அசைந்தன. சித்தப்பாதான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். நான் திருகை முறுக்கியபடியே சேர்ந்துகொண்டேன். கரையைப் பார்த்து உட்கார்ந்த மூன்று ஆண்கள், முதுகுக்குப் பின்னால் இருந்த கடலிடம் சொன்னோம்.

“கேஸ மூடியாச்சு. கதவ பூட்டியாச்சு. நீங்க போங்க.”

சரவணன் சாவியைத் திருப்பினான். மோட்டார் கிளம்பியது.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். முன்னால் நகரப் பார்த்தேன்; முடியவில்லை. திருகை முறுக்கும்போது என் வேட்டி நுனியையும் சேர்த்து முறுக்கியிருந்தேன். அவிழ்க்கலாம் என்றால், “கைய வைக்காதீங்க அத்தான், ஓடுறது நின்னுரும்,” என்றான் சரவணன். கரை வரைக்கும் பேட்டரியோடு கட்டப்பட்டே வந்தேன்.

ஜெட்டியில் சொந்தக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். குளிக்கும் வரை திரும்பக் கூடாது என்பது சித்தப்பாவின் உத்தரவு. தடவிப் பார்த்ததில் திருகு அசையவில்லை; வேறு வழியில்லை. வேட்டியைப் படகிலேயே விட்டுவிட்டு, உள்ளே போட்டிருந்த பழைய பூப்பந்து அரைக்கால் சட்டையோடு, நேராகப் பார்த்தபடி படியேறினேன்.

அத்தை என்னை மேலிருந்து கீழே பார்த்தார். “நீங்களும் ஏதாச்சும் குடுத்து அனுப்புனீங்களா மாப்ள?”

அன்று காலை அவர் முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. பக்கத்திலிருந்தவர்கள் சிரிக்கலாமா என்று தெரியாமல் கொஞ்சநேரம் தவித்து, பிறகு சிரித்தார்கள்.

கருமாதி முடிந்த பிறகு, அத்தையிடம் பேட்டரியின் பாதுகாப்பு ஏற்பாட்டைப் பற்றி விளக்கமாகச் சொன்னேன். தவறான பேட்டரி, என் பிழை, மாலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றேன். பொறுமையாகக் கேட்டார்.

“சரி. நீங்க சொன்னதும் ஸ்டார்ட் ஆச்சா இல்லையா?”

“ஆச்சு.”

“அப்புறம் என்ன?”

சரவணன் படகுக்கு மறுபடி பழைய பேட்டரியையே தூக்குகிறான். ஆனால் குடும்பத்துக்கு ஒரு வாக்கியம் கிடைத்துவிட்டது. யாராவது விடைபெற்ற பிறகும் கேட்டருகே நின்று பேசிக்கொண்டே இருந்தால், பிள்ளைகள் முதல் பெரியவர்கள் வரை உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்கள்: “கேஸ மூடியாச்சு. கதவ பூட்டியாச்சு. நீங்க போங்க.”

போன தீபாவளிக்கும் அப்படித்தான். சித்தப்பா காரில் ஏறாமல் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். சரவணன் வழக்கம்போல ஆரம்பித்தான். எல்லோரும் சிரித்தார்கள், அத்தையும்தான்.

சிரித்து முடித்துவிட்டு அத்தை, “நிக்கட்டும்டா. இப்ப என்ன அவசரம்?” என்றார்.