குறைக்க ஒன்றுமில்லாத நூலகம்

உலகம் சூடாகிக்கொண்டிருக்கிறது என்பதை அரசாங்கம் ஒரு திங்கட்கிழமை காலை அதிகாரபூர்வமாகக் கவனத்தில் எடுத்துக்கொண்டது. அதுவரை சூடானதெல்லாம் உலகம் தன் சொந்தப் பொறுப்பில் சூடானது. அன்று மத்தியானமே கார்பன் குறைப்பு இயக்குநரகம் என்று ஒன்று பிறந்தது. பிறக்கும்போதே அதற்கு ஏழு மாடிக் கட்டடமும் நாற்பது கார்களும் இருந்தன. சாயங்காலத்துக்குள் முதல் ஆணை வெளியாயிற்று: எல்லா அரசு அலுவலகங்களும் தாங்கள் வெளியிடும் கரிப்புகையை அடிப்படை ஆண்டைவிட முப்பது சதவீதம் குறைத்தாக வேண்டும். குறைக்காத அலுவலகம் 'பூமியோடு ஒத்துழைக்காத அலுவலகம்' எனக் கருதப்பட்டு மூடப்படும்.

யாரும் குறை சொல்ல முடியாத ஆணை. கடைத்தெருக் கோடியில் இருந்த பொது நூலகத்தின் நூலகர் அம்மாவும் குறை சொல்லவில்லை. நல்ல காரியம், இப்போதாவது செய்தார்களே என்று நினைத்துக்கொண்டு தன் நூலகத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

பழைய கட்டடம். ஒரு முழ அகலச் சுவர்கள், இரண்டு பக்கமும் ஆளுயர ஜன்னல்கள், கூரையில் கண்ணாடி ஓடுகள். பின்பக்கம் ஒரு பெரிய மரம் நிழலைக் கூரைமேல் போட்டுக்கொண்டு நின்றது. ஒரு ஜன்னலில் நுழைந்த காற்று எதிர் ஜன்னலில் வெளியேறும். போகிற வழியில் எல்லோரையும் விசாரித்துவிட்டுப் போகும். மின்விசிறி ஒன்று இருந்தது. அது சுற்றினால் நாளிதழ்கள் பறக்கின்றன என்பதால் யாரும் அதைத் தொடுவதில்லை. பொழுது சாய்ந்தால் நூலகத்தைச் சாத்திவிடுவார்கள், ஆகவே விளக்குக்கும் வேலை இல்லை.

நூலகர் அம்மா உண்மையை எழுதி அனுப்பினார்: 'எங்கள் நூலகம் புகை எதுவும் வெளியிடுவதில்லை.' பாராட்டுக் கடிதம் வரும், கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாம் என்று சுவரில் இடம்கூடப் பார்த்து வைத்திருந்தார்.

வந்தது நோட்டீஸ். 'தங்கள் நூலகம் அடைந்துள்ள குறைப்பு: பூஜ்யம். இது வருந்தத்தக்கது. தகுந்த விளக்கம் தரப்படாவிடில் நூலகம் மூடப்பட்டு, நூல்கள் தலைமைக் கிடங்குக்கு அனுப்பப்படும்.'

நூலகர் அம்மா நோட்டீஸை இரண்டு முறை படித்தார். இளவயதில் அந்த நூலகத்துக்கு வேலைக்கு வந்தவர். அங்கே உள்ள கிழிந்த புத்தகங்களில் பாதிக்கு அவர் கையால் பசை தடவி ஒட்டியிருக்கிறார். வீட்டில் உட்கார இடமில்லாமல் பரீட்சைக்குப் படிக்க வரும் பெண்களுக்கு ஜன்னலோரத்து மேஜைகளை ஒதுக்கி வைத்திருக்கிறார். கிடங்குக்குப் போன புத்தகம் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. நோட்டீஸை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு இயக்குநரகத்துக்குக் கிளம்பினார்.

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே நுழைந்ததும் பல் கிட்டியது. அங்கே எல்லோரும் கம்பளிச் சட்டை போட்டிருந்தார்கள். குளிர்சாதனத்தைக் குறைக்கும் அதிகாரம் தலைமையகத்துக்குத்தான் உண்டு என்பதால், குறைப்பு அதிகாரி தன் மேஜைக்கடியில் ஒரு மின்சார ஹீட்டரை வைத்துக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்.

"உக்காருங்கம்மா. அந்த பூஜ்யம் நீங்கதானா?"

"ஆமா சார். நாங்க புகையே விடறதில்ல."

"அதத்தான் நானும் கேக்கறேன். ஏன் விடறதில்ல?"

நூலகர் அம்மா நோட்டீஸை எடுத்து மேஜைமேல் விரித்தார். "முப்பது சதவீதம் குறைக்கச் சொல்றீங்க. பூஜ்யத்துல முப்பது சதவீதம் பூஜ்யம்தானே சார்? அத நாங்க குறைச்சாச்சுன்னு வச்சுக்கலாமே?"

அதிகாரி நேர்மையானவர். கால்குலேட்டரை எடுத்துத் தட்டிப் பார்த்தார். "கணக்கு சரியாத்தான் வருது. ஆனா குறைச்சது எங்க? காட்டுங்க பாப்போம்."

"இல்லாதத எப்படி சார் குறைச்சுக் காட்டறது?"

"மருந்துக் கிடங்கைப் பாருங்கம்மா. போன வருஷம் பத்து ஜெனரேட்டர் ஓட்டினாங்க, இந்த வருஷம் ஏழு. அமைச்சரே நேர்ல போய்க் கை குலுக்கினார். பூமிக்காக மூணு ஜெனரேட்டரைத் தியாகம் பண்ணியிருக்காங்க. நீங்க என்ன தியாகம் பண்ணீங்க?"

நூலகர் அம்மா யோசித்தார். சொல்லிக்கொள்ளும்படி எதுவும் ஞாபகம் வரவில்லை.

"பாத்தீங்களா? ஒண்ணுமே விடாம உக்காந்துட்டு நல்ல பேரும் வேணும்னா எப்படி? நாங்க மேல என்ன பதில் சொல்றது?" அவர் முகத்தைப் பார்த்ததும் அதிகாரிக்கு மனம் இளகிவிட்டது. "கவலைப்படாதீங்க. உங்கள மாதிரி ஆளுங்களுக்காகவே ஒரு திட்டம் இருக்கு. உமிழ்வில் பின்தங்கிய அலுவலகங்கள் மேம்பாட்டுத் திட்டம். ஜெனரேட்டர் ஒண்ணு, ஏசி ரெண்டு, எல்லாம் இலவசம். ஒரு வருஷம் நல்லா விடுங்க. அதுதான் உங்க அடிப்படை ஆண்டு. அடுத்த வருஷம் முப்பது சதவீதம் குறைச்சுட்டு நிம்மதியா இருங்க."

"வேணாம்னா சார்?"

"மூடிடுவோம்மா," என்றார் அதிகாரி, டீ வேண்டுமா என்று கேட்கிற குரலில்.

ஒரே ஒரு வருடம்தானே என்று நூலகர் அம்மா கையெழுத்துப் போட்டார். ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டு, பிறகு எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிடுவது என்பது அவர் திட்டம். இதை உதவியாளனிடம் மட்டும் சொன்னார். உதவியாளனை எல்லோரும் ஏணி என்றுதான் கூப்பிடுவார்கள். மேல்தட்டுப் புத்தகத்தை அவன் நின்றபடியே எடுப்பான்.

லாரியில் சாமான்கள் வந்து இறங்கின. ஏசி போட்டால் ஜன்னல் திறந்திருக்கக் கூடாது என்றார் மெக்கானிக். ஜன்னல்களைப் பலகை வைத்து அடித்தார்கள். கண்ணாடி ஓடு வழியாக வெயில் இறங்கிக் குளிரைக் கெடுக்கிறது என்று அதையும் மூடினார்கள். நூலகம் இருட்டாயிற்று, ஆகவே வரிசையாகக் குழல்விளக்குகள் மாட்டினார்கள். இவ்வளவையும் அந்தப் பழைய மின்கம்பி தாங்காது என்பதால் ஜெனரேட்டர் பகல் முழுக்க ஓட வேண்டியதாயிற்று. ஜெனரேட்டரை வைக்கப் பின்பக்கம் இடம் வேண்டும், அங்கே மரம் நின்றது. மரத்தை வெட்டினார்கள். நிழல் போனதும் கூரை கொதித்தது, இரண்டு ஏசி போதவில்லை, மூன்றாவது வந்தது.

மரத்தை வெட்டியது தப்பில்லையா என்று ஏணி மெக்கானிக்கிடம் கேட்டான். அதற்கும் ஆணையில் வழி இருந்தது. ஜெனரேட்டருக்குப் பச்சை வண்ணம் அடித்து, அதன்மேல் ஒரு மரத்தின் படத்தை ஒட்டிவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் மாதம் குறைப்பு அதிகாரி சோதனைக்கு வந்தார். ஜெனரேட்டரில் மாட்டியிருந்த புகை மீட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"போதாதும்மா. இன்னும் கொஞ்சம் மனசு வச்சு விடணும். இப்ப விடறதுதானே பின்னாடி குறைக்கறதுக்கு முதலீடு?"

"லீவு நாள்லயும் ஓட்டறோம் சார்," என்றான் ஏணி.

"நல்ல பையன். பூமிக்கு உன்ன மாதிரி ஆளுங்கதான் வேணும்."

வீட்டில் கணவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "நீ லைப்ரரிக்குப் போறியா, லாரி ஷெட்டுக்குப் போறியா? புடவையெல்லாம் டீசல் நாத்தம்." நூலகர் அம்மா புடவையை ஊற வைத்தார்.

ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிய முதல் வாரம் வாசகர்கள் இருமினார்கள். இருமியவர்களில் முதல் ஆள் தலையங்கம் சார். நாளிதழ்களில் தலையங்கத்தை மட்டும் படித்துவிட்டு, அதற்கு மறுப்பும் எழுதிப் போடுகிற ஓய்வுபெற்ற மனிதர். "இது அநியாயம்! காத்து வர ஜன்னலை அடைச்சுட்டு மிஷினை வச்சுக் காத்து வாங்கறதா?" என்று சத்தம் போட்டார். இரண்டாம் வாரம் சத்தம் குறைந்தது. மூன்றாம் வாரம் நூலகம் திறப்பதற்கு முன்னாலேயே வாசலில் வந்து நின்றார். இடம் பிடிக்கத்தான்.

அப்புறம் ஊரே வந்தது. புத்தகத்தைத் தலைக்கு வைத்துக்கொள்ள மட்டுமே தெரிந்தவர்கள்கூட உறுப்பினர் அட்டை வாங்கினார்கள். அந்த வருடம் 'நான் பூமியின் தோழன்' என்று எழுதிய துணிப்பை தோளில் தொங்காவிட்டால் மரியாதை இல்லை. ஒவ்வொருவரும் உடைக்கு ஏற்ற நிறத்தில் ஆளுக்கு ஏழெட்டு வைத்திருந்தார்கள். சனிக்கிழமைகளில் பூமியின் தோழர்கள் நூலகத்தில் கூடி, குளிருக்கு அடக்கமாகப் போர்த்திக்கொண்டு, வெப்பமயமாதல் பற்றி விவாதித்தார்கள். ஜெனரேட்டர் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காததால் மைக் வைக்கப்பட்டது. மைக் மீட்டருக்கு நல்லதுதான் என்றான் ஏணி.

நூலகர் அம்மா எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். வருடம் முடிந்த மறுநாள் காலை, ஏணியைக் கூப்பிட்டு ஜெனரேட்டரை நிறுத்தச் சொன்னார். அந்த நிசப்தத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இருவருமாகச் சேர்ந்து பலகைகளைப் பிடுங்கினார்கள். பிறகு அவர் மேஜையில் உட்கார்ந்து எழுதினார்: 'நிர்ணயிக்கப்பட்ட குறைப்பு: முப்பது. அடைந்த குறைப்பு: நூறு.'

குறைப்பு அதிகாரி நேரில் ஓடி வந்தார்.

"நூறா? உங்கள யாரும்மா இவ்வளவு குறைக்கச் சொன்னது?"

"நல்லதுதானே சார்?"

"முப்பதுன்னா முப்பது குறைங்க. மொத்தத்தையும் ஒரே வருஷத்துல குறைச்சுட்டா அடுத்த வருஷம் எதக் குறைப்பீங்க? மத்த அலுவலகமெல்லாம் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்கும்?"

ஆனால் அவர் தாமதமாகத்தான் வந்திருந்தார். நூறு என்ற எண் ஏற்கெனவே அமைச்சரின் காதுக்குப் போயிருந்தது. அமைச்சருக்கு அந்த எண் பிடித்துவிட்டது. மருந்துக் கிடங்குக்குக் கிடைக்காத கேடயம் நூலகத்துக்குக் கிடைத்தது. விழாவில் குறைப்பு அதிகாரி தன் தொலைநோக்கைப் பற்றி நெடுநேரம் பேசினார். நூலகர் அம்மா பின்வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். நூலகம் பிழைத்தது, கார்பன் இயக்குநரகத்தை அதன் கணக்காலேயே மடக்கியாயிற்று.

கேடயத்தோடு நூலகத்துக்குத் திரும்பியபோது உள்ளே ஒருவரும் இல்லை.

ஜன்னல்கள் எல்லாம் திறந்துதான் இருந்தன. ஆனால் மரம் இல்லாத கூரை அடுப்பாக இருந்தது. முன்பு வந்த காற்றும் வரவில்லை. அந்த ஒரு வருடத்தில் நூலகத்தைப் பார்த்து ஆசைப்பட்டுக் கடைத்தெரு முழுக்க ஏசி மாட்டியிருந்தார்கள், அத்தனையும் தங்கள் அனலைத் தெருவில் கொட்டின. ஜன்னல் வழியாக அதுதான் உள்ளே வந்தது. பரீட்சைக்குப் படிக்கும் பெண்கள் மட்டும் இரண்டு நாள் வந்து பார்த்தார்கள். மூன்றாம் நாள் அவர்களும் வரவில்லை.

அடுத்த மாதம் இயக்குநரகத்திலிருந்து மரியாதையான கடிதம் வந்தது. வாசகர் இல்லாத நூலகத்தை வைத்திருப்பது பொது வளங்களை வீணாக்குவதாகும். ஆகவே மூட உத்தேசம். ஆட்சேபம் இருந்தால் வாசகர்கள் தெரிவிக்கலாம்.

நூலகர் அம்மா வாசகர்களைத் தேடிப் போனார். முதலில் தலையங்கம் சார் வீட்டுக்கு. அவர் கதவைச் சாத்திக்கொண்டு ஏசி அறையில் மும்முரமாக ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். தலைப்பு தெரிந்தது: 'பூமி எரிகிறது, மக்கள் விழிப்பது எப்போது?'

"வாங்கம்மா, சீக்கிரம் உள்ள வந்து கதவைச் சாத்துங்க."

"சார், நூலகத்தை மூடப்போறாங்க. நீங்கெல்லாம் மறுபடி வந்தா மூட மாட்டாங்க."

"மூடறதா? அக்கிரமம்! இதப்பத்தி நான் எழுதறேன் பாருங்க."

"எழுத வேணாம் சார். வந்து உக்காந்தா போதும்."

தலையங்கம் சார் பேனாவைக் கீழே வைத்தார். குரல் தழுதழுத்தது. "அம்மா, இந்தப் பூமிக்காக நான் உயிரையே குடுப்பேன். வேர்வை மட்டும் ஆகாது. எனக்கு ஒத்துக்காது. அந்த ஏசியைப் போடுங்க, நாளைக்கே வரேன்."

போன இடமெல்லாம் இதே பதில்தான். எல்லா வீட்டு ஆணியிலும் துணிப்பை தொங்கியது. படிக்கிற பெண்களில் ஒருத்தி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். "வரணும்னுதான் இருக்கு ஆன்ட்டி. ஆனா அந்தச் சூட்டுல ஒரு பக்கம் படிச்சா அடுத்த பக்கம் மறந்துபோகுது." அவள்மேல் நூலகர் அம்மாவால் கோபப்பட முடியவில்லை.

திரும்பி நடக்கும்போது அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதிகாரிமேல் கோபம், தலையங்கம் சார்மேல் கோபம், ஒரு கையெழுத்தில் மரத்தை விட்டுக்கொடுத்த தன்மேல் எல்லாவற்றையும்விட அதிகக் கோபம். மறுநாள் காலையில் அவரே இயக்குநரகத்துக்குப் போனார். இந்த முறை ஞாபகமாகக் கம்பளிச் சட்டை எடுத்துப் போயிருந்தார்.

"ஜெனரேட்டரைத் திரும்ப ஓட்ட அனுமதி வேணும் சார்."

அதிகாரிக்கு வாயெல்லாம் பல். "தெரியும்மா, நீங்க வருவீங்கன்னு. ஒண்ணு எதுக்கு, ரெண்டா வாங்கிக்குங்க. நூறு சதவீதம் குறைச்ச கை! அடுத்த வருஷம் ரெண்டையும் நிறுத்தி இன்னொரு கேடயம் வாங்கலாம். அதுக்கடுத்த வருஷம் நாலு. இப்படித்தாம்மா ஒரு நாடு முன்னுக்கு வரும்."

"காரணம்னு என்ன எழுதட்டும்?"

"வழக்கமா எழுதறதுதான். பூமியின் நலன் கருதி."

அவர் எழுதினார். கையெழுத்து எப்போதும்போல முத்து முத்தாகத்தான் இருந்தது.

ஜன்னல்கள் மறுபடி அடைக்கப்பட்டு, இரண்டு ஜெனரேட்டர்களும் உறுமத் தொடங்கிய நாள் ஊர் மொத்தமும் நூலகத்துக்குத் திரும்பி வந்தது. படிக்கிற பெண்கள் தங்கள் மேஜைகளில் உட்கார்ந்தார்கள். பூமியின் தோழர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். நூலகத்தை மீட்ட வீராங்கனை என்று தலையங்கம் சார் மைக்கில் முழங்கினார். மூடும் உத்தரவு ரத்தானது. நூலகர் அம்மா தன் நாற்காலியில் சாய்ந்தார். கொதிக்கும் தெருவில் நடந்து வந்திருந்த அவர் கழுத்தில் குளிர்ந்த காற்று பட்டது. வெட்கமாக இருந்தது. சுகமாகவும் இருந்தது.

ஏணி இருமிக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றான். "அம்மா, பின்னாலேர்ந்து ஒரே புகை. ஒரு ஜன்னலை மட்டும் கொஞ்ச நேரம் திறந்து வைக்கட்டுமா?"

"வேணாம்ப்பா," என்றார் நூலகர் அம்மா, கண்ணைத் திறக்காமல். "குளிர் போயிடும்."